ஓட்டு வீட்டில் வௌவாலும் எலியும்: வெளியே அனுப்பிவிட்டு அடைக்கும் முறை

பூட்டிக் கிடந்த தாத்தா வீட்டைத் திறந்து குடியேறுகிறவர்களுக்கும், பழைய ஓட்டு வீட்டை விலைக்கு வாங்கி வருகிறவர்களுக்கும் முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும்: வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்ததும் தலைக்கு மேலே ஓட்டம். விடிந்தால் கூடத்துத் தரையில் மிளகைக் கொட்டியதுபோல் எச்சம். பரணில் வைத்த சாக்கில் ஓட்டை. போதாததற்கு ஒரு மூத்திர நெடி, எவ்வளவு துடைத்தாலும் போகாது.

எங்கள் வீடு கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. முன்கட்டு சீமை ஓடு (ஆலையில் செய்த தட்டை ஓடு), பின்கட்டும் மாட்டுக் கொட்டகையும் நாட்டு ஓடு (குயவர் செய்யும் வளைந்த ஓடு). எட்டு வருடம் பூட்டியிருந்த வீடு. முதல் வருடம் நான் செய்த இரண்டு காரியமும் தப்பு. ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பட்டப்பகலில் முகட்டு இடுக்கையெல்லாம் (கூரையின் உச்சி) சாந்து பூசி அடைத்தேன். வௌவால் அத்தனையும் உள்ளேதான் தொங்கிக்கொண்டிருந்தன. அன்று ராத்திரியே வெளியே போக வழியில்லாமல் கூடத்துக்கு இறங்கிச் சுற்றின. ஐந்தாம் நாள் நாற்றம் ஆரம்பித்தது. பூசின சாந்தை நானே உளியால் உடைத்தேன். அதற்கு நடுவில் எலிக்கு மருந்து வேறு வைத்திருந்தேன். எலி செத்தது, சரி. ஆனால் செத்த இடம் சுவர் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே கை நுழையாத இடுக்கு. மூன்று வாரம் முன்கட்டில் யாரும் படுக்கவில்லை.

இரண்டு தப்புக்கும் காரணம் ஒன்றுதான்: வரிசையை மாற்றிச் செய்தது. வௌவாலுக்கு ஒரு வரிசை, எலிக்கு வேறு வரிசை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேலே இருப்பது யார்?

முதலில் எச்சத்தைப் பாருங்கள். கையால் தொடாமல் ஒரு குச்சியால் எடுத்துத் தாளில் வைத்து நசுக்குங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்து, வெயிலில் காட்டினால் மினுமினுவென்று துணுக்குகள் தெரிந்தால் அது பூச்சி தின்னும் சின்ன வௌவால். மினுமினுப்பு எல்லாம் வண்டின் ஓடும் அந்துப்பூச்சிச் சிறகும்தான். நசுங்காமல் கெட்டியாக, அரை அங்குல நீளத்தில், முனை கூம்பி இருந்தால் வீட்டெலி. அரிசி நீளம்கூட இல்லாமல் சின்னதாக இருந்தால் சுண்டெலி. ஒரு முனையில் மட்டும் வெள்ளையாக இருந்தால் பல்லி. அதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

கிடக்கும் இடமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். வௌவால் எச்சம் ஒரே இடத்தில் குவியலாக விழும், சுவரிலும் ஒட்டியிருக்கும். அண்ணாந்து பார்த்தால் நேர் மேலே முகட்டு இடுக்கோ, விட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிளவோ இருக்கும். எலி போகிற வழியெல்லாம் போட்டுக்கொண்டே போகும். அது தினமும் ஓடுகிற கைமரத்தின் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) ஓரத்தில் எண்ணெய்க் கை பட்டதுபோல் கறுப்பாக ஒரு தடம் விழுந்திருக்கும்.

இன்னும் சந்தேகமென்றால் கோலமாவு இருக்கிறது. பரண் பலகையிலும் விட்டத்தின் மேலும் ராத்திரி ஒரு கை அகலத்துக்கு மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் சின்னச் சின்னப் பாதமும், நடுவே வால் இழுத்த கோடும் இருந்தால் எலி. மாவு கலையாமல் மேலே எச்சம் மட்டும் விழுந்திருந்தால் வௌவால். பெரும்பாலான ஓட்டு வீடுகளில் இரண்டுமே இருக்கும்.

வேறு சிலரும் உண்டு. பகலில் மட்டும் சத்தம், இடுக்கில் தேங்காய் நாரும் பஞ்சும் திணித்த கூடு என்றால் அணில். நடுராத்திரி பூனையைவிடக் கனமாக ஏதோ நடந்து, காலையில் ஓடு நகர்ந்திருந்தால் மரநாய். அதைப் பிடிக்கவோ அடிக்கவோ கூடாது, வனத்துறைக்குச் சொல்லுங்கள். புஸ்ஸென்று சீறும் சத்தம் கேட்டால் கூகை குஞ்சு பொரித்திருக்கலாம். அது எலி தின்கிற பறவை. உங்களுக்கு அதிர்ஷ்டம், விட்டுவிடுங்கள். தரையில் சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு எலியே இல்லை. அது கரப்பான் தின்று பிழைக்கிறது. பெருச்சாளி கூரைக்கு ஏறாது, அதன் வேலை கொல்லையில் வளை தோண்டுவது.

திண்ணையில் விடிந்தால் வாதாங்கொட்டையும் சப்பித் துப்பிய சக்கையும் கிடக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது பழந்தின்னி வௌவால். அது உங்கள் ஓட்டுக்குள் குடியிருக்கவில்லை. மரத்திலிருந்து பழத்தைப் பறித்துவந்து, மழையும் காற்றும் படாத திண்ணையில் தொங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறது. திண்ணையில் ஒரு விளக்கைச் சில நாள் விடிய விடிய எரியவிட்டு, அது தொங்கும் சட்டத்தில் பழைய சாக்கைக் கிழித்து நாடாவாகத் தொங்கவிட்டால் வேறு திண்ணை பார்த்துக்கொள்ளும். அது கடித்துப் போட்ட பழத்தை மட்டும் யாரும் தின்ன வேண்டாம், குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா காய்ச்சல் வந்த பிறகு இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இரண்டு சாயங்காலம் சும்மா உட்கார வேண்டும்

வௌவால் வேலையில் பாதி இதுதான். இதைச் செய்யாமல் நேராக ஏணியை எடுக்கிறவர்கள்தான் என்னைப்போல மாட்டிக்கொள்கிறார்கள்.

சீமை ஓட்டுக் கூரையை இறவாரத்தில், அதாவது கூரையின் தாழ்ந்த ஓரத்தில், நின்று பாருங்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு குழிவு, அந்தக் குழிவு சுவரைத் தொடும் இடத்தில் ஒரு பொந்து. ஓர் ஓடு எட்டரை அங்குல அகலத்தை மூடும் என்று வைத்தால், 30 அடி இறவாரத்தில் 40 பொந்துக்கு மேல் வரும். பார்த்ததும் தலை சுற்றும். ஆனால் வௌவால் வாசல் என்று வைத்திருப்பது இரண்டோ மூன்றோதான். அதைக் கண்டுபிடித்தால் போதும்.

மழை இல்லாத நாளாகப் பாருங்கள். சூரியன் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பே முன்பக்கம் ஒருவர், கொல்லைப்பக்கம் ஒருவர் நாற்காலி போட்டு உட்காருங்கள். செல்போன் வெளிச்சம் வேண்டாம். வானம் பின்னால் வெளுப்பாக இருக்கும்படி உட்கார்ந்தால் நிழலுருவம் தெளிவாகத் தெரியும். இருட்டத் தொடங்கிய அரை மணிக்குள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். முதலில் வெளிவருவது கொஞ்சம் தயங்கும். பிறகு சொட்டுச் சொட்டாக, கல் விழுவதுபோல் கீழே விழுந்து, அப்புறம் சட்டென்று வளைந்து மேலே போகும். எந்த ஓட்டு வரிசை, சுவர் மூலையிலிருந்து எத்தனையாவது பொந்து, எத்தனை உருப்படி என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் முன்பக்கம் 60-க்கு மேல், எல்லாமே மூலையிலிருந்து ஏழாவது பொந்து. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பொந்தின் விளிம்பு மட்டும் பழுப்பேறி வழவழவென்று இருந்தது.

எல்லாம் போன பிறகு உடனே எழுந்துவிடாதீர்கள். உள்ளே போய் எச்சக் குவியலுக்கு நேர் கீழே நின்று பத்து நிமிடம் காது கொடுங்கள். பெரியவை போன பின்னும் மேலே மெல்லிய கீச்சுக் கீச்சு கேட்டால் குட்டிகள் இருக்கின்றன. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டி ஒரு முறை பார்க்கலாம். ரோமம் இல்லாமல் ரோஸ் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் வேலையை ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். குட்டி பறக்க மாதம் ஒன்றரை மாதம் ஆகும். இப்போது அடைத்தால் தாய் வெளியே, குட்டி உள்ளே. குட்டி செத்து அழுகும். தாய் உள்ளே நுழைய வீடெல்லாம் வழி தேடும். எந்த மாதத்தில் குட்டி போடும் என்று கேட்காதீர்கள். நம் ஊர் வௌவால்களில் வகைக்கு வகை அது மாறும், சிலது வருடத்தில் ஒரு முறைக்கு மேலும் போடும். மாதத்தை நம்பாமல் காதை நம்புங்கள்.

வௌவாலுக்கு ஒருவழி வாசல்

நோக்கம் இதுதான்: உள்ளே இருப்பது வெளியே வரலாம், வெளியே போனது திரும்ப நுழையக் கூடாது.

1. எலியும் இருந்தால் கீழே சொல்லும் எலி வேலையை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். வாசலாக இருக்கும் பொந்தைத் தவிர மற்றப் பொந்துகளை அடையுங்கள். வௌவால் நுழைய அரை அங்குல இடுக்குப் போதும். சுண்டுவிரல் நுழைகிற இடமெல்லாம் கணக்கில் வரும். எதனால் அடைப்பது என்பதைக் கீழே சொல்கிறேன். வாசலை மட்டும் தொடாதீர்கள்.

2. நைலான் கொசுவலையில் மூன்றடி நீளம், இரண்டடி அகலம் வெட்டிக்கொள்ளுங்கள். கண் பெரிதாக இருக்கும் மீன்வலை, கிரிக்கெட் வலை எதுவும் வேண்டாம், சிறகு சிக்கிக்கொள்ளும்.

3. பொந்துக்கு மேலேயும் இரண்டு பக்கமும் வலையைச் சட்டத்தோடு ஆணியோ குண்டூசியோ அடித்துப் பொருத்துங்கள். கீழ்ப்பக்கம் திறந்தே இருக்க வேண்டும். பொந்துக்குக் கீழே இரண்டடியாவது தொங்கணும். வலை சுவரோடு ஒட்டாமல், பாவாடை மாதிரி இரண்டு மூன்று அங்குலம் தளர்ந்து நிற்கணும். இறுக்கிக் கட்டினால் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

4. சாயங்காலம் நின்று பாருங்கள். முதல் வௌவால் வலையில் முட்டி, தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே ஊர்ந்து, அடியில் வந்து விழுந்து பறக்கும். விடியற்காலை திரும்பும்போது பழக்கப்பட்ட பொந்தை நோக்கி நேராக வந்து வலையில் முட்டும். கீழே போய் நுழையலாம் என்று அதற்குத் தோன்றாது. இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டு வேறிடம் போகும்.

5. இப்படி ஏழு ராத்திரி. மழை ராத்திரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மழையில் சில வெளியே கிளம்பாது. எட்டாம் நாள் சாயங்காலம் ஒன்றுகூட வெளிவரவில்லை, உள்ளேயும் சத்தமில்லை என்றால் வலையைக் கழற்றி, அன்று ராத்திரியே பொந்தை அடைத்துவிடுங்கள். நாளைக்கு என்று விட்டால் நாளைக்கு மறுபடி 60 பேர்.

நாட்டு ஓட்டில் வலை அடிக்க வாகாக இருக்காது. அங்கே இரண்டு அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் வெட்டி, கீழ்நோக்கிச் சாய்வாகப் பொந்தில் செருகி, சுற்றிலும் களிமண்ணால் பூசுங்கள். குழாயின் உள்ளே வழுவழுப்பு. வெளியே சறுக்கி வந்துவிடும், திரும்ப ஏறப் பிடிப்பு கிடைக்காது. நான் கொட்டகைப்பக்கச் சுவரில் இதைத்தான் செய்தேன்.

இதெல்லாம் செய்யக் கை வராதவர்களுக்கு ஒரு சோம்பேறி வழியும் இருக்கிறது, ஓட்டு வீட்டுக்கே உரியது: கண்ணாடி ஓடு. வௌவால் கேட்பது இருட்டும் காற்றடிக்காத கதகதப்பும். அது தொங்கும் இடத்துக்கு நேர் மேலே இரண்டு மூன்று ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டால் பகல் முழுக்க வெளிச்சம் விழும். சில நாளில் இடம் மாற்றிவிடும். வீட்டுக்குள் வேறு இருட்டு மூலை இருந்தால் அங்கே மாறும், அதுதான் இதில் உள்ள சிக்கல். குட்டி இருக்கும் காலத்தில் இதையும் செய்யாதீர்கள்.

செய்யக் கூடாதவை: சாம்பிராணிப் புகை போட்டால் பகலிலேயே பதறி வெளியே வரும், காக்கை கொத்தித் தின்னும், தப்பியது ராத்திரி திரும்பி வரும். அந்துருண்டையை மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டால் வௌவாலுக்கு முன்பு உங்களுக்குத் தலை வலிக்கும். காதுக்குக் கேட்காத ஒலியால் விரட்டும் கருவி என்று கடையில் விற்பதை நானும் வாங்கினேன். வௌவால் அதன் மேலேயே எச்சம் போட்டது.

ஒன்று வழி தவறி அறைக்குள் வந்துவிட்டால் முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. பிறகு உள்கதவுகளைச் சாத்தி, வெளியே திறக்கும் ஒரு சன்னலை முழுதாகத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். கால் மணிக்குள் அதுவே போய்விடும். துடைப்பத்தால் அடித்துத் தரையில் விழுந்தால் அதனால் எழும்பிப் பறக்க முடியாமல் போகலாம். ஒரு டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி எடுத்து, வெளியே மரத்தண்டில் ஆளுயரத்தில் ஒட்டவைத்தால் கிளம்பும். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். ஊசி தேவையா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

எலிக்கு வேறு வரிசை

எலிக்கு வலைக் கதவு வைத்தால் கடித்துக்கொண்டு போகும். முதலில் அடைத்தாலும் ஆகாது; உள்ளே மாட்டியது மரத்தையும் ஒயரையும் அரித்து வழி செய்யும், இல்லை உள்ளேயே சாகும். அதனால் எலிக்கு: வழியைக் குறை, சோற்றை நிறுத்து, பிடி, கடைசியில் அடை.

வழி என்பது தரையில் இல்லை. வீட்டெலி மரமேறி. கூரை மேல் சாய்ந்த முருங்கைக் கிளை, ஓட்டை உரசும் தென்னை மட்டை, சுவரோடு போகும் தண்ணீர்க் குழாய், தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் ஒயர் இதெல்லாம் அதற்குப் பாலம். கூரையைச் சுற்றி நாலடிக்குள் கிளை இல்லாமல் கழித்துவிடுங்கள். தென்னந்தண்டில் ஆளுயரத்துக்கு மேலே இரண்டடி அகலத் தகரத்தைச் சுற்றி அடித்தால் அந்த வழியும் போச்சு. இளநீர் கடிபடுவதும் குறையும்.

சோறு என்பது நெல் மூட்டை, புளி, கொப்பரை, மாட்டுத் தவிடு, நாய்க்கு வைத்து மிஞ்சியது. மூடி இறுகும் தகர டிரம்முக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் டிரம் ஒரு வாரம் தாங்கும். பரணில் சும்மா கிடக்கும் பழைய மெத்தை, தாள் கட்டு, தலையணை எல்லாம் குட்டி போடும் அறைகள். எலி 3 வாரத்தில் ஈன்றுவிடும், ஒரு ஈற்றில் ஆறு ஏழு. இந்த வேகத்தோடு பொறியை மட்டும் வைத்துக்கொண்டு போட்டி போட முடியாது.

பொறி வைப்பதில் புதியவர்கள் செய்யும் தப்பு, ஒன்றை வாங்கி அறை நடுவில் வைப்பது. எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும், புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும். ஆறு பொறியாவது வாங்குங்கள். கோலமாவில் தடம் விழுந்த இடங்களில், சுவர் தலை மேலும் விட்டத்தின் மேலும், சுவரோரமாக வைத்து, விழாமல் கம்பியால் கட்டுங்கள். முதல் மூன்று நாள் பொறியை மாட்டாமல் தீனி மட்டும் வையுங்கள். சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாட்டுத் தலை, மசால்வடை எதுவும் சரி. எங்கள் வீட்டு எலிகள் வடைக்குத்தான் வந்தன. தின்று பழகிய பிறகு நாலாம் ராத்திரி ஆறையும் ஒரே சமயத்தில் மாட்டுங்கள். முதல் ராத்திரியில்தான் நிறைய விழும். பிறகு மிஞ்சியவை உஷாராகிவிடும். காலையில் எழுந்ததும் போய் எடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு, கூண்டில் வெயிலில் காய விடாதீர்கள். கூண்டில் பிடித்ததை அடுத்தவர் வயலில் கொண்டுபோய் விடுவது நாகரிகம் இல்லை, அவரும் நெல்தான் போட்டிருக்கிறார். அடிபொறிதான் சட்டென்று முடியும். ஒட்டு அட்டை வேண்டாம். உயிரோடு மணிக்கணக்கில் ஒட்டிக்கிடந்து சாகும். பல்லி, குருவி, பாம்பு எல்லாம் ஒட்டும். விலங்கு நல வாரியமும் அதை வேண்டாம் என்றே சொல்கிறது.

எங்கள் பக்கம் வயலில் கிட்டி வைத்து எலி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மூங்கில் வில்லைப் பார்த்தாலே அழகாக இருக்கும். ஆசைப்பட்டுக் கூரைக்குக் கேட்டேன். வளையும் வரப்பும் இருக்கிற இடத்துக்குத்தான் அது, ஓட்டுக்குள் சரிவராது தம்பி என்று சிரித்துவிட்டார் பெரியவர்.

மருந்து பற்றி. கூரைக்குள் மருந்து வைக்காதீர்கள் என்பதற்கு நாற்றம் மட்டும் காரணம் இல்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டு வீட்டில் மேலே வைக்கும் எதுவும் ஓட்டம் பட்டு ஒரு நாள் கீழே விழும், அடுப்பங்கரையிலோ தொட்டில் மேலோ. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள். பழைய டியூப் எங்காவது அலமாரியில் கிடந்தால் முதலில் அதை ஒழியுங்கள். அது கல்லீரலைக் கெடுக்கும், தின்ற அன்று பெரிதாக எதுவும் தெரியாமலும் இருக்கும்.

பூனை? சுண்டெலிக்குச் சரி. ஓட்டுக்கடியில் ஓடும் எலியை எங்கள் பூனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடைப்பது

கோலமாவில் நாலைந்து நாள் தொடர்ந்து தடம் விழவில்லை. வௌவால் வாசலை மட்டும் அது போன பிறகு அடைக்கலாம், மற்றதற்கு நேரம் வந்துவிட்டது. இப்போதுதான் ஏணி.

ஓட்டின் மேல் ஏறத் தெரியாவிட்டால் ஏறாதீர்கள். ஓடு மாற்றுகிறவரைக் கூப்பிடுங்கள். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் நடு ஓட்டில் கால் வைக்காமல், இரண்டு ஓடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில், அடியில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் இருக்கும் இடமாகப் பார்த்து மிதிக்க வேண்டும். அந்த ரீப்பரையும் கரையான் அரித்திருக்கிறதா என்று முன்பே உள்ளிருந்து தட்டிப் பாருங்கள். இடுக்கில் கை விடுமுன் டார்ச் அடித்து, குச்சியால் ஒரு தட்டு. எலி இருந்த இடத்துக்குச் சாரை வந்திருக்கும். சாரையோடு போனால் பரவாயில்லை. மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். எலி கடித்து உரித்த ஒயர் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

இறவாரப் பொந்துகளுக்கு வலை, முகட்டுக்குச் சாந்து. இதை மாற்றிச் செய்யாதீர்கள். இறவாரத்தைச் சாந்தால் முழுக்க அடைத்தால் காற்றோட்டம் நின்று, கோடையில் வீடு அடுப்பாகும், மரம் புழுங்கும். ஹார்டுவேர் கடையில் கால் அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்ட் மெஷ் கேளுங்கள். அரை அங்குலக் கண் மலிவுதான், சுண்டெலி அதில் சுகமாக நுழையும். சுண்டெலிக்குப் பென்சில் நுழைகிற துளை போதும். வலையை ஐந்து அங்குலப் பட்டையாக வெட்டி, நீளவாக்கில் மடித்து, ஒரு பாதியைச் சுவர் தலையில் ஆணியடித்து, மறு பாதியை ஓட்டுக் குழிவுக்குள் வளைத்துத் தள்ளுங்கள். ஒவ்வொரு குழிவுக்கும் விரலால் அழுத்தி உருக்கொடுக்க வேண்டும். அலுப்பான வேலை; 30 அடிக்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று, கையுறை போட்டும் விரலெல்லாம் கீறல். ஆனால் முழு வேலையிலும் பலன் நிற்பது இந்த இடத்தில்தான்.

முகட்டை மூடும் கூன் ஓட்டுக்கடியில் இருக்கும் பழைய சாந்து வெடித்து உதிர்ந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அதிகமாகவும் சிமெண்ட் கொஞ்சமாகவும் சேர்த்த கலவையில் பூசச் சொல்லுங்கள். கொத்தனார் சிமெண்டே போதும் என்பார். வெயிலில் ஓடு விரியும், மழையில் சுருங்கும். வெறும் சிமெண்ட் அதோடு இசையாமல் இரண்டாம் கோடையில் மறுபடி வெடிக்கும்.

குழாய் நுழையும் துளை, ஒயர் நுழையும் துளை இவற்றில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து அதன் மேல் சாந்து பூசுங்கள். எலி கடிக்கப் பார்த்துவிட்டு விட்டுவிடும். ஊரில் கண்ணாடித் துண்டை உடைத்துச் சாந்தில் கலப்பார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் பின்னால் அந்தச் சுவரை உடைப்பவர் கையை நினைத்துக்கொள்ளுங்கள். நுரை தெளித்து அடைப்பது வேண்டவே வேண்டாம், எலிக்கு அது பஞ்சு மிட்டாய். துணி, செய்தித்தாள் திணித்தால் நீங்களே மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி.

காலம் என்று பார்த்தால் ஆவணி, புரட்டாசிக்குள் அடைப்பை முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி மழையில் வளைகளில் தண்ணீர் ஏறியதும் வெளியே இருக்கும் எலியெல்லாம் மேடு தேடும். தையில் அறுப்பு முடிந்ததும் இன்னொரு முறை வரும்.

சுத்தம் செய்வது

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். தூசி நேராக நெஞ்சுக்குள் போகும். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் இந்த வேலைக்கு வேறு ஆள் பாருங்கள். கதவு சன்னலை அரை மணி திறந்து வைத்து, என்95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்து அள்ளுங்கள். செத்த எலி கிடைத்தால் அதற்கும் இதே முறை, பிறகு ஆழக் குழி. வௌவால் எச்சம் நல்ல உரம் என்பது உண்மைதான். பிளீச்சிங் படாமல் வெறும் தண்ணீர் தெளித்து அள்ளியதைத் தனியே மண்ணோடு கலந்து மட்கவிட்டுச் செடிக்குப் போடலாம். சில நாள் உடம்பில் அரிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், எலியும் வௌவாலும் விட்டுப்போன உண்ணிகள் சாப்பாடு இல்லாமல் அலைகின்றன. இடுக்குகளில் பூச்சிமருந்து ஒரு முறை அடித்தால் நின்றுவிடும்.

கடைசியாக, இது சண்டைக்கு வரும் விஷயம் என்று தெரிந்தே சொல்கிறேன். ஓட்டுக்கடியில் பிவிசி சீலிங் அடிக்கத்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஆசைப்படுகிறார்கள். எச்சம் விழாது, பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே இருட்டாக, கதகதப்பாக, உங்கள் கண்ணும் கையும் எட்டாத ஓர் அறை உண்டாகிறது. எலிக்கும் வௌவாலுக்கும் அதைவிட நல்ல வீட்டை யாரும் கட்டித் தர முடியாது. அடைப்பு முடிந்து ஒரு மழைக்காலம் கடக்கட்டும், கோலமாவு கலையாமல் இருக்கட்டும், அதற்கு அப்புறம் யோசியுங்கள். அடித்தாலும் ஒவ்வோர் அறையிலும் ஆள் தலை நுழைகிற ஒரு கதவு வைக்கச் சொல்லுங்கள்.

மாட்டுக் கொட்டகையின் வௌவால்களை நான் முழுக்க வெளியேற்றவில்லை. வீட்டோடு ஒட்டிய சுவரை மட்டும் அடைத்துவிட்டு, தூரத்து முகட்டை விட்டுவிட்டேன். முன்கட்டிலிருந்து போனவற்றில் சில அங்கே வந்திருக்க வேண்டும், எண்ணிக்கை கூடியிருக்கிறது. அவை மாட்டைச் சுற்றும் கொசுவைத் தின்கின்றன, எச்சம் சாணத்தோடு சேர்ந்து எருக்குழிக்குப் போகிறது. முன்கட்டில் இப்போது வருடத்துக்கு ஒரு வேலைதான்: ஆவணியில் ஒரு நாள் ஏணி போட்டு, வலை துருப்பிடித்திருக்கிறதா, காற்றில் ஓடு நகர்ந்திருக்கிறதா என்று இறவாரத்தை ஒரு சுற்றுப் பார்ப்பது. போன வருடம் மூன்று ஓடு நகர்ந்திருந்தது.